தலைவலி வராத நாளில் தலை சுற்றினால் அது மைக்ரேன் ஆகுமா?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்கு வயது 41. மூன்று ஆண்டுகளாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, அறையே சுழல்வதுபோல் அவருக்குத் தலை சுற்றுகிறது. கூடவே வாந்தியும் வருகிறது. சில நேரம் அரை மணியில் அடங்கிவிடுகிறது, சில நேரம் ஒன்றரை நாள் படுக்கையிலேயே கழிகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் காதில் குறையில்லை என்றார். கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்த இன்னொருவர் எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டை போடச் சொன்னார். மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் இது மைக்ரேன் என்கிறார். கல்லூரி நாட்களில் மாதவிடாயை ஒட்டி அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்ததுண்டு. ஆனால் அது குறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, இப்போது தலை சுற்றும்போது பெரும்பாலும் தலைவலி இருப்பதில்லை. பிறகு இது எப்படி மைக்ரேன் ஆகும் என்பது உங்கள் கேள்வி.

ஆகும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த நரம்பியல் மருத்துவர் சொன்னது சரியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் யாரும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இதை ஏற்றுக்கொள்ள உங்களைத் தடுப்பது ஒரே ஓர் எண்ணம்தான், அதாவது மைக்ரேன் என்றால் தலைவலி என்ற எண்ணம். மைக்ரேன் என்பது புலன்களிலிருந்து வரும் செய்திகளை மூளை கையாளும் விதத்தில் அவ்வப்போது ஏற்படும் கோளாறு. வெளிச்சம் தாங்க முடியாமல் போவது, ஓசை உறுத்துவது, வாசனை குமட்டுவது, வயிறு புரட்டுவது, தலை வலிப்பது எல்லாம் அதன் வெளிப்பாடுகள். உடலின் சமநிலையை உணர்த்தும் புலனும் அந்தக் கோளாற்றில் சிக்கிக்கொள்ளும்போது தலை சுழல்கிறது. இந்த வகைக்கு வெஸ்டிபுலர் மைக்ரேன் என்று பெயர். திரும்பத் திரும்பத் தானாகவே வந்து போகும் தலைசுற்றலுக்கு இதுவே மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. ஜெர்மனியில் பொதுமக்களிடையே நடந்த ஆய்வொன்று, ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது என்று கணக்கிட்டது. இவ்வளவு பேருக்கு வரும் ஒன்று நம் ஊரில் இவ்வளவு அரிதாகவே பெயர் சொல்லி அடையாளம் காணப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்த உறவு அண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட புதுமை அல்ல. காது நோயொன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பேர் மெனியேர், 1861இல் அந்த நோயை விவரித்தபோதே, தலை சுற்றும் நோயாளிகளுக்கு மைக்ரேனும் இருப்பதைக் குறித்துவைத்தார். ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் லிவிங் 1873இல் மைக்ரேனைப் பற்றி விரிவாக எழுதியபோது தலைசுற்றலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகவே எடுத்துக்காட்டினார். ஆனாலும் தலைவலி நரம்பியல் மருத்துவரிடமும் தலைசுற்றல் காது மருத்துவரிடமுமாகப் பிரிந்து போனதால், இரண்டையும் ஒரே ஆளின் ஒரே நோயாகப் பார்க்கும் பழக்கம் வர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1980களிலிருந்துதான் ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகள் வரத் தொடங்கின. 1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த மரியான்னே டீட்டெரிக்கும் தாமஸ் பிராண்ட்டும் தொண்ணூறு நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டனர். 2012இல், சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பாரானி சங்கமும் பன்னாட்டுத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து, எதை வெஸ்டிபுலர் மைக்ரேன் என்று சொல்லலாம் என்பதற்கான அளவுகோலை வகுத்தன.

தலைசுற்றலும் பலருக்கு வருவது, மைக்ரேனும் பலருக்கு வருவது; ஆகவே இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது தற்செயலாக இருக்கக் கூடாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஜெர்மன் மக்களிடையே மைக்ரேனும் சுழல் தலைசுற்றலும் தனித்தனியே எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால், தற்செயலாக நூற்றில் ஒருவரிடம்தான் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் நூற்றில் மூவருக்கும் சற்று மேற்பட்டவர்களிடம் இரண்டும் சேர்ந்திருந்தன. 2001இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தலைசுற்றல் மருத்துவமனைக்கு வந்த 200 பேரில் 38 சதவீதத்தினருக்கு மைக்ரேன் இருந்தது. அதே வயதும் பாலினமும் கொண்ட, தலைசுற்றல் காரணமாக வராத 200 பேரில் 24 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு என்று தெரியவந்தது. மைக்ரேன் இத்தனை பேருக்கு இருக்கும் ஒரு நிலப்பகுதியில், அதனால் வரும் தலைசுற்றலும் அதற்கேற்ற அளவில் இருக்கத்தான் செய்யும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முழுமையாக விளக்கும் ஒரே கோட்பாடு இன்னும் உருவாகவில்லை; ஆனால் பல துண்டுகள் உறுதியாகத் தெரிகின்றன. ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்களும், புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணரும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்ற செய்தி அங்கிருந்து எட்டாவது மூளை நரம்பின் வழியாக மூளைத்தண்டில் இருக்கும் சமநிலை நரம்பணுத் தொகுதிகளுக்குப் போகிறது. மைக்ரேனில் வலியைச் சுமந்து வருவது ஐந்தாவது மூளை நரம்பான முக்கிளை நரம்பு. அந்த நரம்பின் வலித் தொகுதியும் சமநிலைத் தொகுதியும் மூளைத்தண்டில் அருகருகே இருப்பதோடு ஒன்றோடொன்று இழைகளாலும் இணைந்திருக்கின்றன. போதாததற்கு, உட்காதின் இரத்தக் குழாய்களுக்கும் முக்கிளை நரம்பின் இழைகள் செல்கின்றன. அந்த நரம்பு கிளர்ந்தெழும்போது வெளிவிடும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு அந்தக் குழாய்களை விரியச் செய்து, உட்காதின் சூழலையே மாற்றக்கூடியது. மைக்ரேன் உள்ளவர்களின் நெற்றியில் வலி தரும் சிறு மின்தூண்டல் கொடுத்தபோது அவர்களுடைய விழிகள் தாமாகவே அசையத் தொடங்கின அல்லது ஏற்கெனவே இருந்த அசைவு மாறியது. மைக்ரேன் இல்லாதவர்களிடம் அப்படி நடக்கவில்லை. வலிப் பாதையில் விழும் தூண்டல் சமநிலைப் பாதையை எட்டுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை என்பேன்.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. காதில் வெந்நீரும் குளிர்நீரும் மாறி மாறிச் செலுத்தித் தலைசுற்றலை வலிந்து வரவழைக்கும் சோதனையும் அதைப் போன்ற பிற சமநிலைச் சோதனைகளும் செய்துகொண்ட மைக்ரேன் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, 24 மணி நேரத்துக்குள் மைக்ரேன் வந்ததை லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மைக்ரேன் தலைசுற்றலைக் கொண்டுவருகிறது. வேறு காரணத்தால் வந்த தலைசுற்றலும் மைக்ரேனைத் தூண்டிவிடுகிறது. இந்த இருவழிப் போக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், நோயாளிகள் சொல்லும் குழப்பமான வரலாறுகள் பலவும் தெளிவாகின்றன.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். வெஸ்டிபுலர் மைக்ரேன் உள்ளவர்களுக்குத் தாக்குதல் இல்லாத நாட்களிலும் அசைவை உணரும் நுட்பம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. மிகச் சிறிய சாய்வையும் அவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். சிறு வயதிலிருந்தே பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள், ஊட்டி மலைப்பாதையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர்கள், ஓடும் காரில் அலைபேசியைப் பார்க்க முடியாதவர்கள், ராட்டினத்தின் பக்கமே போகாதவர்கள் ஆகியோரில் கணிசமானவர்கள் மைக்ரேன் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. உங்கள் மனைவியிடமும் அவருடைய அம்மாவிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதில் பல நேரங்களில் ஸ்கேனைவிட அதிகம் சொல்லிவிடுகிறது.

தாக்குதல் எப்படியெல்லாம் இருக்கலாம் என்பதில் இந்த நோய்க்கு ஒரே முகம் கிடையாது. சிலருக்கு அசையாமல் படுத்திருக்கும்போதே எல்லாம் சுழலும். சிலருக்குத் தலையைத் திருப்பினால் மட்டும் சுற்றும். வேறு சிலருக்குச் சுழற்சியே இல்லாமல், படகில் நிற்பதுபோலத் தளம்பலும் குமட்டலுமாகவே இருக்கும். ஜவுளிக்கடையின் அடுக்குகளுக்கு இடையே நடப்பது, கூட்டத்தைப் பார்ப்பது, அலைபேசித் திரையை வேகமாகத் தள்ளுவது ஆகியவற்றால் கண் வழியாகவே தலைசுற்றல் தூண்டப்படுவதும் உண்டு. கால அளவும் அப்படித்தான்: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சில நிமிடங்கள், மூன்றில் ஒரு பங்கினருக்குச் சில மணி நேரம், மீதிப் பேரில் பெரும்பாலோருக்குச் சில நாட்கள். நொடிகளே நீடிக்கும் சுற்றல் திரும்பத் திரும்ப வருவது பத்தில் ஒருவருக்கு. காது அடைப்பதுபோலவும் இரைவதுபோலவும் சிலருக்குத் தோன்றலாம். அது லேசானதாகவும் வந்து போவதாகவும் இருக்கும்.

2012இன் அளவுகோலைச் சுருக்கிச் சொல்கிறேன். மிதமான அல்லது கடுமையான தலைசுற்றல் குறைந்தது ஐந்து முறை வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அமைய வேண்டும். இப்போதோ முன்னரோ மைக்ரேன் இருந்திருக்க வேண்டும். அந்தத் தலைசுற்றல்களில் பாதியிலாவது மைக்ரேனின் அடையாளம் ஒன்றேனும் கூட வந்திருக்க வேண்டும்: மைக்ரேன் தன்மையுள்ள தலைவலி அல்லது வெளிச்சமும் ஓசையும் சேர்ந்து தாங்க முடியாமை அல்லது கண்ணில் வளைவு நெளிவான ஒளிக்கோடுகள் தோன்றும் ஆரா. வேறு நோய் எதுவும் இதைச் சரியாக விளக்கக் கூடாது. இதில் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. தலைவலி மூன்று வாய்ப்புகளில் ஒன்றே, கட்டாயம் அல்ல. தலை சுற்றும்போது உங்கள் மனைவி அறையின் விளக்கை அணைக்கச் சொல்கிறாரா, குழந்தைகளின் சத்தமும் குக்கர் விசிலும் அவரைத் துன்புறுத்துகின்றனவா என்று நினைத்துப் பாருங்கள். பலர் இதைத் தாங்களாக மருத்துவரிடம் சொல்வதில்லை. உடம்பு சரியில்லாதபோது யாருக்கும் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இளமையில் வந்த தலைவலி நின்றுவிட்டது என்பதும் இந்த நோயின் வழக்கமான போக்கோடு பொருந்துகிறது. பெரும்பாலோருக்கு முதலில் மைக்ரேன் தலைவலி தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே தலைசுற்றல் சேர்கிறது. பெண்களில் பலருக்கு மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது தலைவலி குறைந்து, அதன் இடத்தைத் தலைசுற்றல் பிடித்துக்கொள்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது. குழந்தைகளுக்கும் வருவதுண்டு: விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வெளிறிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் நடுங்கிவிட்டு, பிறகு எதுவும் நடக்காததுபோல ஓடிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குப் பின்னாளில் மைக்ரேன் வருகிறது.

இனி, வேறு எதுவாக இருக்கலாம் என்பது. இதில் நான் சற்று நின்று நிதானமாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் எல்லாத் தலைசுற்றலையும் மைக்ரேன் என்று சொல்வதும், எல்லாவற்றையும் காது என்றோ கழுத்து என்றோ சொல்வதும் ஒரே அளவு தவறு.

படுக்கையில் புரளும்போதும், பரணைப் பார்க்கத் தலையை நிமிர்த்தும்போதும், குனிந்து எழும்போதும் மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுழற்சி, பெரும்பாலும் உட்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்ததால் வருவது. நோயாளியை ஒருபக்கமாகத் தலை திருப்பி விரைவாகப் படுக்க வைத்து விழியசைவைப் பார்த்தால் இது அங்கேயே தெரிந்துவிடும். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் பல நேரம் அன்றே சரியாகிவிடும். மாத்திரை இதற்குத் தீர்வு அல்ல. மைக்ரேன் உள்ளவர்களுக்கு இந்தத் துகள் நோயும் மற்றவர்களைவிட அதிகமாக வருவதால், ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். உங்கள் மனைவிக்கு இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

மெனியேர் நோயைப் பிரிப்பது கடினம். அதிலும் இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை சுழற்சி, வாந்தி, காது அடைப்பு, இரைச்சல் எல்லாம் உண்டு. வேறுபடுத்துவது செவித்திறன்: மெனியேரில் பெரும்பாலும் ஒரு காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்பது குறைந்து, காலப்போக்கில் அந்தக் குறை நிலைத்துவிடும், மைக்ரேனில் அப்படிக் கேட்கும் திறன் படிப்படியாக இறங்குவது வழக்கமில்லை. ஆனால் மெனியேர் உள்ளவர்களில் மைக்ரேன் இருப்பவர்கள் 56 சதவீதம், மெனியேர் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அது இரு மடங்குக்கும் மேல் என்று 2002இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. ஆகவே இரண்டையும் ஒருவரிடமே காணும் நிலைமையும் மருத்துவருக்கு வரும். செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒன்று மட்டும் போதாது என்பதும், தாக்குதலை ஒட்டியும் பிறகும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

கழுத்தெலும்புத் தேய்மானத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய பலருக்கு எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். அறை சுழன்று, வாந்தி எடுத்து, மணிக்கணக்கில் நீடித்து, பிறகு முழுவதும் மறைந்து, மாதங்கள் கழித்துத் திரும்ப வரும் ஒரு நோயைத் தேய்ந்த எலும்பு விளக்க முடியாது. தேய்மானம் இடையில் சரியாகி மீண்டும் வருவதில்லை. மைக்ரேன் வரும்போது கழுத்து இறுகி வலிப்பது மிகச் சாதாரணம் என்பதால்தான் கழுத்தின்மேல் பழி விழுகிறது. கழுத்துப்பட்டையை மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசைகள் வலுவிழக்கும், தலையை அசைக்கும் அச்சமும் வளரும். இரத்த அழுத்தம் இறங்குவதால் வரும் கிறுகிறுப்போ எழுந்து நிற்கும்போது வந்து உட்கார்ந்தால் போய்விடும். படுத்திருக்கும்போதும் சுழலும் அறைக்கு அது காரணமாகாது.

பக்கவாதத்தை மட்டும் ஒருபோதும் தவறவிடக் கூடாது. இதுவரை வந்ததைப் போலல்லாத புதுவிதமான, நிற்காத தலைசுற்றல் வந்து, அதோடு பேச்சு குழறினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, முகமோ கையோ காலோ மரத்தாலோ வலுவிழந்தாலோ, பிடித்துக்கொண்டாலும் நிற்க முடியாமல் போனாலோ, ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, பின்கழுத்தில் இதுவரை அறியாத கடும் வலி தோன்றினாலோ, மைக்ரேன் என்று வீட்டில் படுக்க வைக்காமல் உடனே 108ஐ அழைத்துப் பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மூளையின் பின்பகுதியில் ஏற்படும் சிறு பக்கவாதம் முதல் இரண்டு நாட்களில் எம்.ஆர்.ஐ.யில்கூடத் தெரியாமல் போகலாம். விழியசைவையும் தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் நிலைக்கிறதா என்பதையும் தேர்ந்த மருத்துவர் சோதிப்பது அந்த நேரத்தில் ஸ்கேனைவிட நம்பகமானது.

சோதனைகளைப் பொறுத்தவரை, வெஸ்டிபுலர் மைக்ரேனை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. உங்கள் மனைவியின் எம்.ஆர்.ஐ. ஒன்றுமில்லை என்று வந்தது வேறு நோய்களை விலக்க உதவியது. அது மைக்ரேனுக்கு எதிரான சான்று அல்ல. நோய் வரலாறே இங்கே முதன்மையான சோதனை. அதனால்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தில், வந்த நாள், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, வெளிச்சமும் ஓசையும் உறுத்தினவா, தலை வலித்ததா, காது எப்படி இருந்தது, முந்தின இரவு தூக்கம், சாப்பாடு, மாதவிடாய் நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். தாக்குதலின்போது கண்கள் எப்படி அசைகின்றன என்பதை அலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்தால் அதுவும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

சிகிச்சை இரண்டு வகை: வந்ததை அடக்குவது, வராமல் தடுப்பது. தாக்குதலின்போது இருட்டான, அமைதியான அறையில் படுத்துக்கொண்டு, வாந்தியையும் சுழற்சியையும் அடக்கும் மாத்திரையையோ ஊசியையோ எடுத்துக்கொள்வது இன்றும் முதன்மையான வழி. புரோகுளோர்பெரசின், சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. மைக்ரேன் தலைவலிக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகை மருந்துகள் தலைசுற்றலுக்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் ரிசட்ரிப்டானை வைத்து நடந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக அமையவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலைசுற்றல் என்றதும் மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள். புரோகுளோர்பெரசினும் சின்னரிசினும் சில நாட்களுக்கான மருந்துகள். நெடுநாள் எடுத்தால், முக்கியமாக முதியவர்களுக்கு, கை நடுக்கமும் உடல் விறைப்புமாகப் பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலை வருகிறது. சமநிலைக் குறையை மூளை தானாகவே ஈடுசெய்துகொள்வதும் தாமதமாகிறது. உங்கள் மனைவி தினமும் இவற்றில் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரைகளும் அப்படியே: மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் போடுவது மைக்ரேனையே மோசமாக்கும்.

வராமல் தடுக்கும் மருந்துகளாக புளூனரிசின், புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், வென்லாபாக்சின், காண்டெசார்டன் ஆகியவற்றிலிருந்து ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. இவற்றுக்கான சான்றுகள் தலைவலிக்கு இருக்கும் அளவுக்கு வலுவானவை அல்ல என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு என்றே முடித்தது. எனவே நோயாளியின் மற்ற நிலைமைகளைப் பார்த்தே தேர்வு நடக்கிறது. ஆஸ்துமா இருந்தால் புரொப்ரனலால் கூடாது. புளூனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆகாது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட் தவிர்க்கப்பட வேண்டும்; டோபிரமேட்டும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது. தூக்கம் கெட்டிருப்பவருக்கு இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் இரண்டு வேலையையும் செய்யும். எதை எடுத்தாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுத்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதால்தான் பலருக்குச் சிகிச்சை தோற்றுப்போகிறது. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் புதிய ஊசி மருந்துகள் இந்தத் தலைசுற்றலுக்கும் பயன்படுமா என்ற ஆய்வுகள் தொடங்கியிருக்கின்றன. சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் விலை இன்னும் பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மருந்து அளவுக்கே முக்கியமானது அன்றாட ஒழுங்கு. உறங்கும் நேரமும் எழும் நேரமும் விடுமுறை நாளிலும் மாறாமல் இருப்பது, காலை உணவைத் தள்ளிப்போடாமல் இருப்பது, வெயிலில் போகும்போது தண்ணீர் குடிப்பது ஆகிய மூன்றும் பலரிடம் கண்கூடான மாற்றத்தைத் தருகின்றன. விரத நாளில், கல்யாண வீட்டில் கண்விழித்த மறுநாளில், நீண்ட பேருந்துப் பயணத்துக்குப் பிறகு தாக்குதல் வருகிறதா என்று நோட்டுப் புத்தகம் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டுக்கே உரிய தூண்டுதல் ஒன்று தலைக்குக் குளிப்பது. இந்தியத் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் தூண்டப்படும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் எழுதினார். தலைக்குக் குளித்த நாளில் தலை பாரமாகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவந்ததைக் கேட்டுப் பதிவுசெய்த அந்தக் கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் மனைவிக்கும் அப்படி இருந்தால், ஈரக் கூந்தலோடு நெடுநேரம் இருக்காமல் உடனே உலர்த்துவதும், வெறும் வயிற்றில் தலைக்குக் குளிக்காமல் இருப்பதும் செய்து பார்க்கத் தக்கவை. ஆனால் நீண்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா உணவையும் விலக்கத் தொடங்க வேண்டாம். நோட்டுப் புத்தகம் திரும்பத் திரும்பச் சுட்டும் ஒன்றிரண்டை மட்டும் விலக்கினால் போதும்.

தாக்குதல்களுக்கு இடையிலும் நாள் முழுவதும் தளம்பல் இருந்துகொண்டே இருந்தால், அது வேறு ஒரு கட்டம். எப்போது வருமோ என்ற அச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு, முதலில் வந்த நோய் அடங்கிய பிறகும் தளம்பல் மட்டும் நிலைத்துவிடுவதுண்டு. இது மனப் பிரமை அல்ல. சமநிலைக் கட்டுப்பாட்டில் ஏற்படும் உண்மையான மாற்றம். இதற்குச் சமநிலைப் பயிற்சிகள் நன்றாகவே உதவுகின்றன; பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் மெதுவாகத் தொடங்க வேண்டும், வேகமாகச் செய்தால் அதுவே மைக்ரேனைத் தூண்டும். வீட்டில் இருப்பவர்கள் இதை நடிப்பு என்றோ வேலைக்குப் பயந்து படுப்பது என்றோ சொல்லாமல் இருப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே. உங்கள் கேள்வியின் தொனியிலிருந்து நீங்கள் அப்படிச் சொல்பவர் அல்லர் என்று தெரிகிறது.

இது எத்தனை நாள் இருக்கும் என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். வெஸ்டிபுலர் மைக்ரேன் உள்ள 61 பேரை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் பார்த்த பெர்லின் ஆய்வில், 87 சதவீதத்தினருக்குத் தலைசுற்றல் இன்னும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. ஆனால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது, 29 சதவீதத்தினருக்கு மட்டும் கூடியிருந்தது. முற்றாக ஒழிந்துபோகும் என்று வாக்குறுதி தர முடியாது. ஆண்டுக்கு ஆறு முறை வந்தது ஒன்றிரண்டாகக் குறைவதும், வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பதும் எட்டக்கூடிய இலக்குகள். அதே ஆய்வில் 18 சதவீதத்தினருக்கு இரு காதுகளிலும் லேசான செவித்திறன் குறைவு காணப்பட்டது. ஆகவே உங்கள் மனைவிக்கு நோயின் பெயர் இப்போது உறுதியாகிவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் கேட்பது குறைந்துகொண்டே வந்தால், மைக்ரேனோடு நிறுத்தாமல் காது மருத்துவரிடம் மெனியேரைப் பற்றி மீண்டும் பேச வேண்டும்.